சத்தம் வரக்கூடாத சண்டை

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் என் மாமியார் கண்ணை மூடிக்கொள்வதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் கலை, உத்தி என்று பெரிய பேச்செல்லாம் பேசுவேன். அப்போது நீங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

என் மனைவியின் தம்பி சினிமாவில் அடி வாங்குகிறவன். ஃபைட்டர் என்பார்கள். நாயகனைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தில் ஒருவன். ஒரு குத்து விழும், இவன் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு போய் விழுவான். கேமராவுக்கு நாயகனின் முகம் வேண்டும், அதனால் எதிரே நிற்கிற இவனிடமிருந்து முதுகு மட்டும் போதும். சண்டையில் முதுகைக் காட்டுவது இழுக்கு என்பார்கள். மச்சானுக்கு அதுதான் பிழைப்பு. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று யாராவது சொன்னால் என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் வீட்டில் அடியும் தம்பியும் சேர்ந்தேதான் உதவினார்கள்.

படம் வெளியானால் குடும்பத்தோடு போவோம். முதல் குத்தின் சத்தம் கேட்டதும் மாமியார் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். சத்தம் ஓய்ந்ததும், மூடிய கண்ணோடு கேட்பார்:

"எந்திரிச்சிட்டானா?"

பக்கத்து இருக்கையில் சோளப்பொரி தின்றுகொண்டிருப்பவனைப் பற்றித்தான் இந்தக் கேள்வி.

"எந்திரிச்சிட்டேம்மா" என்பான் அவன்.

அதற்கப்புறம்தான் கண்ணைத் திறப்பார். அதற்குள் கதை வேறு நாட்டுக்குப் போயிருக்கும். இத்தனை வருடத்தில் மாமியார் தான் பெற்ற மகனைத் திரையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

2

வேறு மாதிரியும் தொடங்கிப் பார்த்தேன். தூக்கிப்போட்டவற்றை இங்கேயே விட்டுவைக்கிறேன், யாருக்காவது பயன்படலாம்.

"இருட்டறையில் கத்தி மின்னியது. உளவாளி திரும்பினான்." (இருட்டறை என்றால் கத்தி எப்படி மின்னும்? மின்னியிருந்தால் அது இருட்டறை இல்லை. வேண்டாம்.)

"அவன் கைகள் ஆயுதங்கள். அவன் கண்கள்—" (இந்த வரியை எழுதியவனை நானே அடிப்பேன்.)

"சண்டை என்பது உண்மையில் ஓர் உரையாடல்." (கட்டுரைப் போட்டியில் பரிசு கிடைக்கும். கதைக்கு ஆகாது.)

மாமியாரே பரவாயில்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

3

நான் கதை எழுதுகிறவன். சில சமயம் சினிமாவுக்கும் எழுதிக் கொடுப்பேன். ஓர் இயக்குநர் உளவாளிப் படம் எடுத்தார். படத்தொகுப்பு என் மனைவி. "நடுவுல ஒரு சண்டை வேணும் சார். ஜனங்க வெளிய வந்ததும் அதப் பத்தியே பேசணும்" என்று என்னிடம் கேட்டார். மனைவி சிபாரிசு செய்தாளா என்று கேட்காதீர்கள். செய்தாள்.

உளவாளிச் சண்டையைப் பற்றி எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. போலீஸ்காரன் சண்டை போட்டால் அது அவன் வேலை. உளவாளி சண்டை போட்டால் அவன் வேலை கெட்டுவிட்டது என்று பொருள், ஏனென்றால் யார் கண்ணிலும் படாமல் போய் வருவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஆகவே அந்தச் சண்டையில் வீரத்தைவிட அவசரம் அதிகம் வேண்டும். கொஞ்சம் வெட்கமும் வேண்டும். முடிந்ததும் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போக வேண்டும். பத்துப் பேரைச் சாய்த்துவிட்டுத் தலைமுடி கலையாமல் நடந்து போகிறவனைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. மூச்சு வாங்க வேண்டும். அடுத்த அடி முந்தின அடியைவிடச் சோர்வாக விழ வேண்டும். அந்த அறையில் இருக்கிற சாமானெல்லாம் சண்டைக்குள் வர வேண்டும், சமையலறையில் நடக்கிற சண்டையும் நூலகத்தில் நடக்கிற சண்டையும் ஒரே மாதிரி இருந்தால் ஆட்டத்துக்கு இடம் எதற்கு? அப்புறம், அடி என்பது அடிப்பவன் கையில் இல்லை, வாங்குகிறவன் கழுத்தில் இருக்கிறது.*

(* இந்த வரியை மச்சானிடம் படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு மாமா. அந்தக் கழுத்துக்குத் தைலம் வாங்கிக் குடுத்தீங்கன்னா இன்னும் நல்லாருக்கும்" என்றான்.)

இதெல்லாம் பிடிவாதம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது மனதில் இருந்தது ஒன்றுதான்: என் மாமியார் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிற ஒரு சண்டை. அவர் எப்போது கண்ணை மூடுகிறார்? சத்தம் கேட்டதும். சத்தமே இல்லாவிட்டால்?

4

காட்சி இதுதான். ஒரு பெரிய ஓட்டலின் இஸ்திரி அறை. தேய்ப்பதற்காக வந்த ஒரு கோட்டின் உள்துணிக்குள் ஏதோ தைத்து வைத்திருக்கிறது. (என்ன என்று இயக்குநர் கேட்டார். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றேன். சந்தோஷப்பட்டார்.) அதை எடுக்க நம் உளவாளி வருகிறான். அதே கோட்டுக்காக எதிரி நாட்டு உளவாளியும் வந்து நிற்கிறான். அவனை எதிராளி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து அறையில் கோட்டுக்காரனின் காவலாட்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டால் இருவருக்குமே சாவு.

ஆகவே இருவரும் சத்தமில்லாமல் ஒருவரையொருவர் கொல்ல முயல்கிறார்கள். கழுத்தைப் பிடிக்கிறான் ஒருவன், அப்போது கம்பியில் தொங்கும் ஹேங்கர்கள் ஆடத் தொடங்குகின்றன, கழுத்து பிடிபட்டவனே கை நீட்டி அவற்றை நிறுத்துகிறான். மேசையிலிருந்து தம்ளர் உருளுகிறது, இரண்டு பேரும் சேர்ந்து பிடிக்கிறார்கள், மெதுவாகத் தரையில் வைக்கிறார்கள், மறுபடியும் தொடங்குகிறார்கள். ஒரு சட்டைப் பொத்தான் தெறித்து விழுகிறது. அது உருண்டு நிற்கும்வரை இருவரும் அசையாமல் நிற்கிறார்கள்.

எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. கடைசி வரி மட்டும் வழக்கமானது: "உளவாளி படுக்கை விரிப்பை அவன் கழுத்தில் சுற்றி இறுக்கிக் கொல்கிறான்."

இடையில் வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுப்பதென்று முடிவாயிற்று. வெட்டினால் ஏமாற்று வேலை என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் எதிராளி வேடத்துக்குக் கைதேர்ந்த ஃபைட்டர் வேண்டும், அவன் முகமும் முழுக்கத் தெரியும். ஸ்டண்ட் மாஸ்டர் என் மச்சான் பெயரைச் சொன்னார். இதில் மட்டும் சிபாரிசு இல்லை.

மச்சான் அன்று மாலை வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றான். வெகுநேரம் நின்றான்.

"என்னடா பாக்குற?" என்றாள் அவன் அக்கா.

"மூக்கு கொஞ்சம் கோணலா இருக்கோ?"

"அடி வாங்கி வாங்கி எப்பவோ கோணிப்போச்சு. இப்பத்தான் தெரியுதா?"

"இதுவரைக்கும் அதால எந்தப் பிரச்சனையும் இல்லையே அக்கா."

5

படப்பிடிப்பில் நானும் இருந்தேன். பல தடவை எடுத்தும் சரியாக வரவில்லை, எங்கோ ஒரு ஹேங்கர் கிணுகிணுக்கும். கடைசியாக ஒரு டேக் ஓடியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆவி பறக்கிற அறையில் இரண்டு ஆண்கள் கொலைவெறியோடும் பயந்த பூனைகள் மாதிரியும் ஒரே நேரத்தில் நடமாடுகிறார்கள்.

அப்போது நாயகனின் கால் ஈரத்தில் நிஜமாகவே வழுக்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்றாலும் சறுக்கிய இடம் மோசமான இடம். பின்னால் இரும்பு மேசையின் கூரான மூலை. தலை அதை நோக்கிப் போனது.

மச்சானின் கை நடுவில் போனது. உள்ளங்கையை விரித்து நாயகனின் பின்னந்தலைக்கும் மேசை மூலைக்கும் இடையில் கொடுத்துவிட்டான். நாயகனுக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மச்சானுக்கு இரண்டு விரல் முறிந்தது.

இந்தத் தொழிலில் முதலில் பழகுவது அதைத்தான். எதிரே நிற்பவன் தலை உன் பொறுப்பு. யாரைக் கொல்வதுபோல் நடிக்கிறாயோ அவனைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதுதான் வேலை. வேறு எந்த நடிகனாக இருந்தாலும் கையைக் கொடுத்திருக்க மாட்டான், அலறியிருப்பான். மச்சான் அலறவும் இல்லை. அது சத்தம் வரக்கூடாத சண்டை. நாயகன் எழுந்து, பயந்துபோனவன் மாதிரியே விரிப்பை எடுத்து, அவன் கழுத்தில் பின்னாலிருந்து சுற்றினான். அதோடு இயக்குநர் "கட்" என்றார். அதற்கப்புறம்தான் மச்சான் "அம்மா" என்றான், அதையும் மெதுவாகத்தான் சொன்னான்.

இறுக்கிக் கொல்வதைத் தனி ஷாட்டாக எடுப்பதென்று வைத்திருந்தார்கள், அது மட்டும் பாக்கி. விரலில் கட்டோடு முழுச் சண்டையையும் மறுபடி எடுக்க வழியில்லை. ஒரே ஒரு ஷாட் எடுக்கலாம், செட்டைக் கலைப்பதற்குள்.

6

எடிட்டிங் அறை. சிறிய அறை, ஜன்னல் இல்லை, நாற்காலிகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. இயக்குநர், என் மனைவி, நான். திரையில் அந்தக் கை.

"பிரமாதமான கை" என்றார் இயக்குநர். "ஆனா அத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? தலையக் காப்பாத்தினவனையே அடுத்த ஷாட்ல நாயகன் கழுத்த நெறிச்சுக் கொன்னா, தியேட்டர்ல நாயகனக் காறித் துப்புவாங்க."

"தல இரும்புல மோதினா சத்தம் வரும்ல சார்? அதுக்காகத்தான் பிடிக்கிறான்னு ஜனங்க நெனச்சுப்பாங்க. தம்ளரப் பிடிச்ச மாதிரி" என்றாள் மனைவி.

(நான் எழுதாமலே என் காட்சிக்குள் இது பொருந்தியது. அதற்கும் நான் பெயர் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.)

இயக்குநர் மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "சத்தத்துக்காகப் பிடிக்கிறவன் மொகம் இப்படியாம்மா இருக்கும்? பாரு, பதறிப்போயிருக்கான். கை இருந்தா கொலை கூடாது. கொலை வேணும்னா கை கூடாது. முடிவ ரைட்டர் சார் நாளைக்கிக் காலைல எழுதிக் குடுக்கட்டும்."

கையை எடுத்தால் என்ன ஆகும் என்று மனைவி காட்டினாள். கை வருவது ஷாட்டின் நடுவில். அதை மறைக்க, எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்த இன்னொரு கேமரா எடுத்ததற்குத் தாவ வேண்டும். அந்தக் கேமரா மச்சானுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து கடைசிவரை திரையில் தெரிவது அவன் முதுகு.

"அதுக்கு ஈடா சாகும்போது ஒரு குளோசப் குடுத்துடலாம். மொகம் நெறைய" என்றார் இயக்குநர். நல்ல மனிதர். உண்மையிலேயே ஈடு என்றுதான் நினைத்தார்.

7

மச்சானிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று பட்டது. எங்கள் வீட்டில், சோபாவில், கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"செத்துடறேன் மாமா" என்றான் உடனே.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? சண்டையில எவன் மொகத்தப் பாக்குறான்? சாகும்போதுதான் பாப்பாங்க. அந்தக் கைய எடுத்துடச் சொல்லுங்க."

"அது நல்லாத்தானேடா இருக்கு!"

"மாமா, அது எதிராளி கை இல்ல, என் கை. அந்த எடத்துல நான் நடிக்கல, பயந்துட்டேன். மொத தடவையா மொகத்தக் காட்டச் சொல்லிருக்காங்க, அதுல நடிக்காம இருந்தா எனக்கு அசிங்கம் இல்லையா?"

சமையலறை வாசலில் வந்து நின்ற அக்கா பொறுமை இழந்தாள்.

"எத்தன தடவ உன்ன என் டேபிள்ல போட்டு அடுக்கியிருக்கேன் தெரியுமா? மாடியிலிருந்து விழுறது, கார்ல அடிபடறது, எல்லாம் நான்தான் வெட்டி ஒட்டினேன். முதுகுதானேன்னு மனசக் கல்லாக்கிக்கிட்டேன். மொகத்தோட என்னால முடியாது."

"தொழில் அக்கா இது."

"அம்மா கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பாக்கப்போற மொத சண்டை இது. சத்தமே இல்ல, எப்ப கண்ண மூடணும்னு அவங்களுக்குத் தெரியவே போறதில்ல. மகன் மொகத்த மொத தடவையா பாக்கப்போறாங்க. அது சாகுற மொகமா இருக்கணுமா?"

மச்சான் தலையணையைச் சரிசெய்துகொண்டான். மாமியாரைக் கண்ணைத் திறக்க வைத்தவன் நான். எதைப் பார்க்கத் திறக்க வைத்தேன் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

8

எழுதியவையும் எழுதிக் கிழித்தவையும்:

முதல் முடிவு. உளவாளி இறுக்குகிறான். எதிராளியின் கால்கள் துடித்து (வேண்டாம்) எதிராளியின் கண்கள் மெல்ல (வேண்டாம், அக்கா படிப்பாள்)

இரண்டாம் முடிவு. உளவாளி விரிப்பைத் தளர்த்துகிறான். "போ" என்று சைகை காட்டுகிறான். எதிராளி கதவைத் திறந்துகொண்டு போகிறான். (போகிறவன் எதைக் காட்டிக்கொண்டு போவான்? முதுகை. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது இதுதான்.)

மூன்றாம் முடிவு. காவலாட்கள் உள்ளே வருகிறார்கள். இருவரும் சேர்ந்து அவர்களை அடித்து நண்பர்களாகி— (இதை எழுதிய கையில்தான் கட்டுப் போட வேண்டும்.)

இடையில் எதிராளியின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. யார் இவன்? கோட்டுக்காக வந்தவன், கொல்ல வந்தவன், ஆனால் தலை விழும்போது கை தானாகப் போகிறவன். இப்படி ஒருவனை நான் எழுதவில்லை. நான் எழுதியவனுக்கு அவசரமும் கோபமும்தான் உண்டு. இவனை வைத்துக்கொண்டு பழைய கடைசி வரியை எழுதவே முடியவில்லை. விடிந்ததும் டீ போட்டுக்கொண்டு, எடுத்து முடித்த ஷாட்டை மறுபடி மறுபடி பார்த்தேன். கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. நாயகன் வழுக்கியபோது மேசை இடம் மாறிச் சாய்ந்திருந்தது. அதன்மேல், விளிம்புக்குப் பக்கத்தில், கனமான இஸ்திரிப் பெட்டி. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இதுதான் நான் எழுதிய பக்கம்:

"உளவாளி பின்னாலிருந்து விரிப்பை இறுக்குகிறான். அவனுடைய இரண்டு கையும் விரிப்பில். எதிராளியின் ஒரு கையில் விரல்கள் முறிந்திருக்கின்றன. மற்றொரு கையால் கழுத்துக்கும் விரிப்புக்கும் நடுவில் விரலைக் கொடுத்து மூச்சுக்கு வழி வைத்திருக்கிறான். மேசையில் இஸ்திரிப் பெட்டி மெதுவாக வழுக்குகிறது. இருவரும் பார்க்கிறார்கள். விழுந்தால் இருவருக்கும் சாவு. எதிராளி பிடிக்கலாம், பிடித்தால் அவன் கழுத்து போகும். உளவாளி பிடிக்கலாம், பிடித்தால் எதிராளி தப்புவான். குளோசப்: எதிராளியின் முகம்."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

9

மனைவி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"பெட்டி விழுதா?"

"தெரியல."

"எழுதினவருக்கே தெரியலன்னா எப்படிங்க?"

"மதில்மேல் பூனை. எந்தப் பக்கம் குதிச்சாலும் உங்கள்ல ஒருத்தர் என்னைத் திட்டுவீங்க."

இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. கை இருக்கட்டும் என்றார். கட்டுப் போட்ட விரலை விரிப்புக்குள் மறைத்து, அன்றே எடுத்தார்கள். பெட்டியை ஒரு மெல்லிய கம்பியால் இழுத்தார்கள். மச்சானிடம் இயக்குநர் சொன்னது ஒன்றுதான்: பெட்டியைப் பார்.

கேமரா ஓடுவதற்கு முன் அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் என்ன முடிவு பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. சும்மா பாரு."

"எவ்வளவு நேரம்?"

"நான் வெட்டுற வரைக்கும்."

"நீ வெட்டவே மாட்டியே அக்கா."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எடுத்து முடித்தார்கள். கோணல் மூக்கோடு அந்த முகம் நிஜமாகவே நன்றாக இருந்தது.

ஆனால் எங்கோ வெட்டித்தானே ஆக வேண்டும்? அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. மச்சான், பெட்டியைத் தான் பிடித்துவிட்டுச் சாக வேண்டும் என்கிறான். அக்கா, உளவாளிதான் பிடிக்க வேண்டும், தலையைக் காப்பாற்றியதற்குக் கொஞ்சமாவது நன்றி வேண்டாமா என்கிறாள். என்னைக் கேட்டால் நான் எழுத்தாளன், சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.

10

ஆகவே உங்களிடம் வருகிறேன்.

படம் வந்துவிட்டது, மாமியார் தியேட்டர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் சோளப்பொரியோடு மகன். இதுவரை ஒரு சத்தமும் கேட்கவில்லை, அதனால் கண் திறந்தே இருக்கிறது. திரை நிறைய மகன் முகம் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சோளப்பொரி கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

இஸ்திரிப் பெட்டி விளிம்பைத் தாண்டிவிட்டது. தரையில் விழுந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த அறையில் இருக்கிற இருவரும் கையில் இருப்பதை விட்டால்தான் பிடிக்க முடியும். நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். உங்கள் இரண்டு கையிலும் இந்தப் புத்தகம் இருப்பது எனக்குத் தெரியும். விட்டுவிட்டுப் பிடியுங்கள்.